நெஞ்சளவுக் கத்தி

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை. தேயிலை மலையில் இருக்கிற எங்கள் பசறைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். மிளகாய் மூட்டையில் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டிக்கொண்டுவந்த வண்டிக்காரனை நான் பதுளை ரோடு வரைக்கும் விரட்டிக்கொண்டு போன கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மிளகாய் பூசணம் பிடித்துப்போயிருந்தால் யார் தலையில் விடிந்திருக்கும்?

எங்கள் வீட்டுக்காரருக்கோ கோபமே வராது. அந்த வண்டிக்காரனுக்கும் நான் விரட்டி முடித்து வந்தபிறகு, திரும்பக் கூப்பிட்டு மோர் கொடுத்து அனுப்பியவர் அவர். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் வாயால் சொன்னதில்லை. கடைத்தெரு முனையில் அரசமரத்தடியில் வேல் நட்டுச் சின்னக் கோயில் ஒன்று கட்டியிருக்கிறார்களே, அந்தச் சாமியின் பெயர்தான் அவருக்கும். அதனால் கும்பிடும்போதுகூட ‘சாமி’ என்று மட்டும்தான் சொல்வேன். சாமிக்குப் புரியும்.

எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் ஹுமைத் வைத்தியர். காயல்பட்டினத்துக்காரர். யுனானி மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பதுளை, பசறை, பண்டாரவளை என்று ஊர் ஊராகச் சுற்றுவார். எங்கள் மளிகைக் கடை பெஞ்சியில் உட்கார்ந்துதான் நோயாளிகளைப் பார்ப்பார். நல்ல மனுஷன். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்.

ஒரு நாள் எனக்கு மண்டையிடி தாங்கவில்லை. கைமேல் மெல்லிய துணியைப் போடச் சொல்லி, துணிக்கு மேலே விரல் வைத்து நாடி பார்த்தார்.

“பித்தம் தலைக்கேறி இருக்கு. கோபம் ஜாஸ்தி, தங்கச்சி” என்றார்.

கல்லாவில் இருந்த எங்கள் வீட்டுக்காரர் சத்தமில்லாமல் சிரித்தார். வைத்தியர் விடவில்லை. அவர் கையையும் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“மொதலாளி, ஒங்களுக்கும் நோய் இருக்கு. ஒங்களுக்குக் கோபம் பத்தாது.”

கோபம் பத்தாது என்று ஒரு நோய் இருப்பதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. இப்போது நான் சிரித்தேன்.

“எங்க மருந்தெல்லாம் யூனான் தேசத்துலேருந்து வந்தது” என்று வைத்தியர் தொடங்கினார். “இங்க கிரேக்க தேசம்னு சொல்லுவாங்க. அங்க அரிஸ்துன்னு ஒரு ஹக்கீம், பெரிய ஞானி, இருந்தாங்க. வெள்ளைக்காரங்க அரிஸ்டாட்டில்ம்பாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தி. அவங்க ஒண்ணு சொன்னாங்க. எந்த நல்ல குணமும் ரெண்டு கெட்ட குணத்துக்கு நடுவுலதான் இருக்கு. பயந்து ஓடுறவன் ஒரு ஓரம். கண்ணை மூடிக்கிட்டு யானை முன்னால போய் நிக்கிறவன் மறு ஓரம். தைரியம் நடுவுல. கஞ்சத்தனம் ஒரு ஓரம், வீட்டை வித்து வாரி எறைக்கிறது மறு ஓரம், ஈகை நடுவுல. கோபமும் அப்படித்தான். ஓயாம சீறுறதும் நோய். அடிச்சாலும் அசையாம இருக்கிறதும் நோய்.”

எங்கள் வீட்டுக்காரர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். இவ்வளவு காலமாகத் தான் செய்துவந்த காரியத்துக்கு ஒரு பெரிய மனிதர் பெயர் வைத்துவிட்டதுபோல அவருக்கு ஒரு சந்தோஷம்.

“இது நம்ம யாவாரமுங்களே. நான் ஒரு வெலை சொல்லுவேன், வாங்க வந்தவரு ஒரு வெலை சொல்லுவாரு. நடுவுல முடிப்போம். ரெண்டு பேருக்கும் மனசு குளுந்துடும்.”

“அப்படி இல்ல மொதலாளி” என்று வைத்தியர் கையை ஆட்டினார். “இந்தக் கஷாயம் ஒங்களுக்கு ஒரு கரண்டி. தொட்டில்ல கெடக்கிற புள்ளைக்கு அதுல பாதி குடுத்தாலும் உசிருக்கே ஆபத்து. நடுன்னா பாதி இல்ல. ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் அது மாறும்.”

இதை அவர் சொல்லும்போது எங்கள் வீட்டுக்காரர் யாருக்கோ கொத்தமல்லி நிறுக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு நன்னாரியும் சீரகமும், அவருக்குச் சுக்கும் மிளகும் கட்டிக் கொடுத்துவிட்டு வைத்தியர் பண்டாரவளைக்குப் புறப்பட்டார். நாங்கள் இரண்டு பேரும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது?

நடு என்றால் பாதி இல்லை என்று காதால் கேட்டும், வேறு வழி தெரியாமல் நான் கோபத்தைப் பாதியாக்கப் பார்த்தேன். பாதிக் கோபம் என்றால் என்ன? பாதிச் சத்தமா, பாதி வார்த்தையா, பாதி நேரமா? பால்காரி பாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். “தண்ணி ஊத்தின அந்தக் கையை...” என்று ஆரம்பித்து அதோடு நிறுத்தினேன். அவள் பயப்படவேயில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?” என்று கேட்டாள். அதற்கு வேறு எனக்குக் கோபம் வந்தது. அதையும் பாதி விழுங்கினேன். நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

அவரோ இல்லாத கோபத்தை வரவழைக்கப் பார்த்தார். எங்கிருந்து வரும்? அடுத்த வீட்டு ஸைனப் அரிசி அளக்க வாங்கிக்கொண்டு போன படியைச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். இவர் மேசையைத் தட்டி, “ஏன் இவ்வளவு சீக்கிரம் கொண்டாந்தே?” என்று அதட்டினார். அவள் படியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, மொதலாளிக்குக் காற்றுச் சேஷ்டை பிடித்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் யாரோ ஒரு மந்திரவாதியைக்கூட அனுப்பிவைத்தார்கள்.

கோபம் வரவில்லை என்றதும் அவர் அதை விட்டுவிட்டு நடுவை மட்டும் பிடித்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் நடு. இரண்டு வண்டிக்காரர்கள் ஓரிடத்தில் மாடு கட்ட அடித்துக்கொண்டால், “நீ கொஞ்சம் அங்க தள்ளு, நீ கொஞ்சம் இங்க தள்ளு” என்பார். பாக்குக் கடைக்காரரும் துணிக் கடைக்காரரும் சாக்கடைக்காக முறைத்துக்கொண்டால் சாக்கடையையே நடுவில் வெட்ட வைப்பார். சின்னச் சண்டைகளுக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஜனங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். ‘நடு மொதலாளி’ என்று பேர் வந்தது. அவருக்கு அதில் பெருமை. எனக்கும் கொஞ்சம் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

அந்தப் பேர்தான் வினையாய் வந்து முடிந்தது.

மேல் தோட்டத்துக் கருப்பம்மா கைக்குழந்தையோடு கடைக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்காரர் கல்லாவில் இருந்தார். குழந்தைக்கு வயிற்று வலி. அழக்கூடச் சக்தியில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. நான் உள்ளே இருந்து வசம்பும் ஓமமும் எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, எப்படி உரைத்து ஊற்றுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் மாரிசாமி வாசலில் மழைச்சாரலில் நின்றான். தோட்டத்தில் கவ்வாத்து நடக்கிற காலம். தேயிலைச் செடியை வெட்டுகிற அந்த வளைந்த கத்தியைக் கொல்லனிடம் தீட்டிக்கொண்டு, வலது கையில் பிடித்திருந்தான்.

அப்போதுதான் முருகையா கங்காணி வந்தார். அவருக்குக் கீழேதான் இந்த இரண்டு பேரும் வேலை. கறுப்புக் கோட்டு, கையில் பிரம்பு. கருப்பம்மாவைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“மலையில நிக்க வேண்டியவ இங்க என்னாடி செய்யிறே?”

“புள்ளைக்கு முடியலைங்க. மருந்து வாங்க வந்தேங்க” என்றாள் அவள்.

பிரம்பால் அவள் கையைத் தட்டினார். பொட்டலம் சேற்றில் விழுந்தது. அடுத்த அடிக்காகப் பிரம்பை ஓங்கினார். குழந்தை அவள் தோளில் இருந்தது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை. மாரிசாமி இரண்டு எட்டில் வந்து இடது கையால் பிரம்பைப் பிடித்துவிட்டான்.

நான் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன். அவனுடைய வலது கையில் கத்தி இருந்தது. அது தொடையோடு தொடையாகக் கீழ்நோக்கித் தொங்கியது. நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. கத்தி அசையவேயில்லை. கங்காணி பிடியை விடுகிறவரைக்கும் அவன் பிரம்பைப் பிடித்திருந்தான். விட்டதும் அதை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தான்.

“கத்தியைத் தலைக்கு மேல ஓங்குறான், என்னைக் கொல்லப் பாக்குறான்” என்று கங்காணி கத்தினார்.

தெரு கூடிவிட்டது. என் நாக்கு நுனியில் இருந்தது: அடப் பாவி, பச்சைப் புள்ளைக்காரியை அடிச்சது நீ. ஆனால் இது பாதிக் கோபத்துக்கு உரிய நேரமா, முழுக் கோபத்துக்கு உரிய நேரமா என்று நான் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் கூட்டத்தில் நாலு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அத்தனை நாள் குடித்த நன்னாரிக்கு அதுதான் பலன்.

கங்காணி தோட்டத் துரையிடம் போகிறேன் என்றார். துரை சொன்னால் போலீஸ் வரும். மேலாள்மீது கத்தி ஓங்கினான் என்றால் மாரிசாமிக்குப் பதுளை ஜெயில்தான். அவன் போனால் கருப்பம்மாவுக்கும் குழந்தைக்கும் தோட்டத்து லயத்து வீட்டில் இடம் இருக்காது. முடியாத குழந்தையோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும். பாக்குக் கடைக்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். காலையில் வேல் கோயிலில் சூடம் ஏற்றுவோம். நடந்ததைக் கடைக்குள்ளிருந்து பார்த்த மொதலாளி சாமி முன்னால் சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அணைக்கட்டும். கத்தி ஓங்கவில்லை என்று அவர் சத்தியம் செய்தால் கங்காணி துரையிடம் போகக்கூடாது. கங்காணி உடனே சம்மதித்தார். அவருடைய ஆட்கள் எல்லோரும் எங்கள் கடையில்தான் சாமான் வாங்குகிறார்கள். அதைப் பகைத்துக்கொள்ள மொதலாளி துணியமாட்டார் என்று அவருக்குக் கணக்கு.

சாயங்காலம் சோறு போடும்போது கேட்டேன்.

“நீங்க பாத்தீங்கதானே?”

“பாத்தேன்.”

“கத்தி எங்க இருந்துச்சு?”

“தொடைகிட்ட.”

“அதைத்தானே சொல்லப் போறீங்க?”

“ஆகட்டும்” என்றார், இலையைப் பார்த்துக்கொண்டே. நான் நிம்மதியாக ரசம் ஊற்றினேன்.

காலையில் தெருவே அரசமரத்தடியில் நின்றது. ஸைனப்கூட ரோட்டோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலுக்கு முன்னால் பித்தளைத் தட்டில் சூடம் எரிந்தது. கங்காணி, கத்தி தலைக்கு மேலே போனது என்றார். மாரிசாமி, “நான் தூக்கவே இல்லைங்க” என்றான். பிறகு எங்கள் வீட்டுக்காரரைச் சொல்லச் சொன்னார்கள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கத்தி தலைக்கு மேல போகலை” என்றார். கங்காணியின் முகம் விழுந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. “ஆனா கீழயும் இல்லை. நெஞ்சளவுக்கு வந்துச்சு.”

சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். பேரம் படிந்து இரண்டு பேரும் கைகொடுத்துக்கொள்கிற நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தார்.

“நெஞ்சுக்கு நேரா கத்தியை நீட்டியிருக்கான். எல்லாரும் கேட்டீங்கள்ல?” என்றார் கங்காணி. “அது போதும் எனக்கு. அணைங்க மொதலாளி.”

மாரிசாமி எங்கள் வீட்டுக்காரரையே பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. ஒன்றும் விளங்காமல் பார்த்தான். கருப்பம்மா குழந்தையோடு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டுக்காரருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். தட்டை நோக்கி நீட்டிய கை பாதி வழியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. சாமி முன்னால் கட்டின புருஷன் பொய் சொன்னால் பெண்டாட்டிக்கு எவ்வளவு கோபம் வரலாம்? வாயை மூடிக்கொண்டு நின்றால் ஒரு ஓரம். நாலு பேர் நடுவில் அவர் மானத்தை வாங்கினால் மறு ஓரம். இதற்கு நடு எங்கே இருக்கிறது? யூனான் தேசத்து ஹக்கீமுக்குப் பெண்டாட்டி இருந்தாளா? அவளைக் கேட்டால் சொல்வாளோ என்னவோ. நான் இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் கால் நடந்துவிட்டது.

“தள்ளுங்க” என்றேன்.

“கனகம், நீ வீட்டுக்குப் போ” என்றார் அவர், மெதுவாக.

“பொம்பளை சூடம் அணைக்கிற வழக்கம் எங்கயாச்சும் இருக்கா?” என்று கேட்டார் கங்காணி.

“பொம்பளையைக் கடை வாசல்ல வச்சு அடிக்கிற வழக்கம் இருக்கிற எடத்துல அதுவும் இருக்கும்.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கங்காணிக்குக் காது சிவந்தது. ஆனால் மூளைக்காரர். என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

“சரி, அணை. ஆனா சாமி பேரைச் சொல்லி அணைக்கணும். சாமி கீமின்னு முனகுனா செல்லாது. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி பேரைச் சொல்லணும்.”

நான் ஏன் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்று பசறையில் தெரியாதவர்கள் யார்? புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். நான் அதை நம்பினேன். இப்போதும் கொஞ்சம் நம்புகிறேன். அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பாலசுப்பிரமணிய சாமி சாட்சி” என்றேன். “கத்தி மாரிசாமியோட தொடையை விட்டு மேல வரவே இல்லை.”

உள்ளங்கையைத் தட்டில் வைத்து அழுத்தினேன். சூடம் அணைந்தது. வலி தோள் வரைக்கும் ஏறியது. நான் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கங்காணி அதற்கும் விடவில்லை.

“புருஷன் ஒண்ணு சொல்றாரு, பொஞ்சாதி ஒண்ணு சொல்றா. சாமி முன்னால ரெண்டுல ஒண்ணு பொய். மொதலாளி, ஒங்க வீட்டம்மா சொன்னது பொய்யா, நீங்க சொன்னது பொய்யா? அதைச் சொல்லிடுங்க, நான் போயிடுறேன்.”

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

“அவ நின்ன எடம் வேற. நான் நின்ன எடம் வேற. நெஞ்சுக்கும் தொடைக்கும்...”

“இடுப்புன்னு சொல்லப் போறாரு பாரு” என்றான் ஒரு வண்டிக்காரன் பின்னாலிருந்து.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் எரிகிற கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார். உள்ளங்கை கறுத்து, தோல் சுருங்கிப்போயிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மடியிலிருந்து எங்கள் கடைச் சூடத்தையே எடுத்துத் தட்டில் வைத்துப் பற்றவைத்தார்.

“நான் சொன்னதுதான் பொய்” என்றார். அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “கத்தி கீழதான் இருந்துச்சு. கங்காணி, புள்ளைக்காரியை நீங்க அடிச்சதையும் பாத்தேன். நேத்தே கேட்டிருக்கணும், கேக்கலை. அந்தப் பெரம்போட இனிமே எங்க கடைப் படி ஏறாதீங்க.”

சத்தம் போடவில்லை. மேசையைத் தட்டவில்லை. கையைத் தட்டில் வைத்து அணைத்தார். கங்காணி ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு, “பாத்துக்கிறேன்” என்று மட்டும் சொல்லிப் போனார். சாட்சி கையைவிட்டுப் போனபிறகு துரையிடம் எதைச் சொல்வார்? மாரிசாமி குழந்தையை வாங்கிக்கொண்டான். மூன்று பேரும் மலையேறிப் போனார்கள்.

அதன் பிறகு மேல் தோட்டத்து ஆட்கள் எங்கள் கடைக்கு வருவது நின்றுபோனது. கங்காணியின் உத்தரவு. தெருவில் பாதிப் பேர் நான் புருஷனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன் என்றார்கள். மீதிப் பேர் அவர் சாமி முன்னால் பொய் சொன்னவர் என்றார்கள். எங்கள் இரண்டு பேருக்குமே வலது கையில் கட்டு. தப்பித் தவறி யாராவது சாமான் வாங்க வந்தால், நான் இடது கையால் தராசைத் தூக்குவேன், அவர் இடது கையால் படிக்கல்லை வைப்பார். ஸைனப் களிம்பு கொண்டுவந்து கொடுத்தாள். இந்தத் தடவை சீக்கிரம் கொண்டுவந்ததற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஹுமைத் வைத்தியர் திரும்பி வந்தார். பெட்டியைக் கீழே வைக்கக்கூட நான் விடவில்லை.

“ஒங்க அரிஸ்துவை இங்க கூட்டிக்கிட்டு வாங்க வைத்தியரே. நாலு கேள்வி கேக்கணும்.”

நடந்ததை எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு கட்டுகளையும் பார்த்தார்.

“பொய்க்கு நடு கெடையாது தங்கச்சி. அளவாத் திருடுறதுன்னு ஒண்ணு இருக்கா? அளவாக் கொல்றதுன்னு இருக்கா? சில காரியத்துக்கு நடுவே இல்லைன்னும் அந்த ஹக்கீம் சொல்லியிருக்காங்க.”

“அதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“மழை வந்துச்சே” என்றார் அவர், பாவம்போல.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் உள்ளே போகிறவரைக்கும் காத்திருந்தேன்.

“என் கோபம்? அன்னிக்கு எனக்கு வந்தது நடுவா, ஓரமா?”

“யாரு மேல கோபப்பட்டீங்க?”

நான் வாயைத் திறந்தேன். கங்காணி மேலா? எங்கள் வீட்டுக்காரர் மேலா? கடை வாசலில் கருப்பம்மா அடி வாங்கும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மேலா? எனக்குத் தெரியவில்லை என்றேன். வைத்தியர் என் இடது கைமேல் துணியைப் போடச் சொல்லி மறுபடி நாடி பார்த்தார். கடைசியில், “எனக்கும் தெரியலை, தங்கச்சி. நாடியில அது பேச மாட்டேங்குது” என்றார். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தார்?

எனக்கு ஒரு ஆறுதல் மட்டும் இருந்தது. யார் தடுமாறினாலும் மாரிசாமி தடுமாறவில்லை. கையில் தீட்டின கத்தி இருந்தும் பிரம்பை மட்டும் பிடித்தானே, அவன்தான் அந்த நடுவில் நின்றவன் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். கங்காணிக்குத் தெரியாமல் அவன் ஒரு நாள் பின்வாசல் பக்கம் வந்தான். குழந்தை தேறிவிட்டதாம், பால் குடிக்கிறதாம். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு என் கைக்கட்டைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

“மாரிசாமி, ஒண்ணு கேக்கிறேன். அவ்வளவு கோபத்துலயும் கத்தியைத் தூக்காம எப்படி இருந்தே?”

அவன் கொஞ்சம் யோசித்தான்.

“அதை என்னான்னு சொல்றதும்மா. கத்தி கையில இருந்ததே எனக்கு மறந்துபோச்சு. கங்காணி கத்துனதுக்கு அப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன்.”

அவன் போனபிறகு வாழைப்பழத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மறந்துபோய்விட்டால் அது நல்ல குணமா? ஞாபகம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான்? நான் எதற்குச் சத்தியம் செய்தேன்? கத்தி கீழேதான் இருந்தது, அது மட்டும் நிஜம். மற்றது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் வீட்டுக்காரர் களிம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மாரிசாமி சொன்னதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இடது கையால் தட்டுத்தடுமாறி என் கட்டை அவிழ்த்தார்.

“பாதிக்குப் பாதி ஆறிடுச்சு” என்றார். பிறகு அவருக்கே ஏதோ போலிருந்தது போலும், கையை எடுத்துக்கொண்டார். “வலிக்குதா?”

பழைய கனகமாக இருந்தால் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். நன்னாரி குடித்த கனகமாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பாள்.

“வலிக்குது. முழுசா வலிக்குது” என்றேன்.

அவர் தன் கட்டையும் அவிழ்த்து, உள்ளங்கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எனக்கும்” என்றார்.